ஒப்பிட்டு ஆராய்க: யாரும் சொல்லித்தராத பாடம்

எங்கள் மாலை வகுப்புக்கு வரும் முதுகலை மாணவி ஒருத்தி சென்ற மாதம் தன் விடைத்தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கேள்வி இதுதான்: ‘கருக்கு, ஜூதன் ஆகிய இரு தன்வரலாறுகளையும் ஒப்பிட்டு ஆராய்க.’ இருபதுக்கு ஏழு மதிப்பெண். ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே சொற்கள்: ‘ஒப்பீடு இல்லை.’

ஆறு பக்கம் எழுதியிருந்தாள். முதல் மூன்று பக்கம் பாமாவின் கருக்கு, அடுத்த மூன்று பக்கம் ஓம்பிரகாஷ் வால்மீகியின் ஜூதன். தகவலில் ஒரு பிழை இல்லை. ‘இவ்வாறு இரு நூல்களும் தலித் மக்களின் வலியைப் பேசுகின்றன’ என்று முடித்திருந்தாள்.

“ரெண்டு புக்கையும் ரெண்டு தடவ படிச்சேன்க்கா. ரெண்டையும் பத்தித்தானே எழுதியிருக்கேன். அப்புறம் எப்படி ஒப்பீடு இல்லைன்னு போடுவாங்க?”

பத்து ஆண்டுகளுக்கு முன்பு நானும் இதே போன்ற விடையை எழுதி, இதே போன்ற மதிப்பெண் வாங்கியவள்தான். எனக்குக் கம்பனும் மில்டனும். கம்பனுக்கு மூன்று பக்கம், மில்டனுக்கு மூன்று பக்கம். அதே தேர்வில் என் வகுப்புத் தோழி ஒருத்தி பதினாறு வாங்கினாள். அவள் என்னைவிடக் குறைவாகத்தான் படித்திருந்தாள், அதை அவளே சொல்வாள். அவளுடைய அப்பா கல்லூரிப் பேராசிரியர். “ஒப்பிடச் சொன்னா எதை வச்சு ஒப்பிடுறோம்னு முதல்ல முடிவு பண்ணணும்னு அப்பா சொல்லுவாரு” என்று பின்னொரு நாள் பேச்சுவாக்கில் சொன்னாள். எங்கள் வீட்டில் அம்மா நூறு நாள் வேலை முடிந்து வந்து சோறு வடித்துவிட்டுப் படுப்பார். அவரிடம் எதை வைத்து ஒப்பிடுவது என்று நான் கேட்க முடியாது.

ஒரு வரிதான் வித்தியாசம். அந்த ஒரு வரி சிலருக்குச் சாப்பிடும்போதே கிடைத்துவிடுகிறது. மற்றவர்களுக்கு முதுகலை முடித்த பிறகும் கிடைப்பதில்லை. இட ஒதுக்கீடு நம்மைத் தேர்வு அறைக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தது. உள்ளே நடக்கும் ஆட்டத்தின் விதிகளை யாரும் கரும்பலகையில் எழுதிப் போடவில்லை. விதி தெரியாமல் தோற்பவர்களைத் ‘தகுதி இல்லை’ என்று சொல்வது சுலபம். நாமே அதை நம்பிவிடுவதும் சுலபம். நான் இரண்டு ஆண்டுகள் நம்பினேன்.

ஆகவே அந்த விதிகளை இங்கே எழுதிவிடுகிறேன். அந்த மாணவியின் கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

எதை வைத்து ஒப்பிடுவது?

இரண்டு நூல்களையும் அடுத்தடுத்து வைத்தால் அது ஒப்பீடு ஆகாது. இரண்டையும் ஒரே கேள்வியின் முன்னால் நிறுத்த வேண்டும். ஒப்பிலக்கியக் கட்டுரையின் முதல் வேலை அந்தக் கேள்வியைக் கண்டுபிடிப்பதுதான்.

கருக்கு 1992இல் வந்தது. ஜூதன் இந்தியில் 1997இல் வந்தது. இரண்டிலும் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஜூதனில் தலைமையாசிரியர் சிறுவனின் கையில் துடைப்பத்தைக் கொடுத்துப் பள்ளி வளாகம் முழுவதையும் கூட்டச் சொல்கிறார். மூன்றாம் நாள் தற்செயலாக அந்தப் பக்கம் வரும் அப்பா, துடைப்பத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தலைமையாசிரியரை எதிர்த்துக் கத்துகிறார். கருக்கில், மாணவர்கள் விளையாடும்போது ஒரு தேங்காய் விழுகிறது. பழி அந்தச் சிறுமியின் மேல் விழுகிறது. தலைமையாசிரியர் எல்லோர் முன்னிலையிலும் சாதியைச் சொல்லி அவமானப்படுத்துகிறார். மறுபடி வகுப்புக்குள் போகப் பாதிரியாரிடம் கடிதம் வாங்கி வர வேண்டியிருக்கிறது. பாதிரியாரும் சேரிப் பிள்ளை என்றால் திருடத்தான் செய்யும் என்றே பேசுகிறார்.

‘இரண்டு பள்ளிகளிலும் சாதிக் கொடுமை நடந்தது’ என்று எழுதினால் அது ஒற்றுமை. மதிப்பெண்ணில் பாதிகூட வராது. அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: வாசலில் நிற்பது யார்? ஜூதனில் நிற்பது புதிதாக விடுதலை பெற்ற நாட்டின் பள்ளிக்கூடம். சட்டப்படி கதவு திறந்துவிட்டது, நடைமுறையில் துடைப்பம் தரப்படுகிறது. கருக்கில் நிற்பது எல்லோரும் கடவுளின் பிள்ளைகள் என்று போதிக்கும் திருச்சபை. பாமா பிறகு அதே நம்பிக்கையில் கன்னியர் மடத்தில் சேர்ந்து, சில ஆண்டுகளில் வெளியேறியவர்.

இப்போது ஒரு வாக்கியம் எழுதலாம்: ‘இரு நூல்களிலும் பள்ளி சாதியைக் கற்பிக்கும் இடமாகவே இருக்கிறது, ஆனால் ஜூதன் குடியரசு தந்த வாக்குறுதியை விசாரிக்கிறது, கருக்கு திருச்சபை தந்த வாக்குறுதியை விசாரிக்கிறது.’ இதுதான் உங்கள் கட்டுரையின் கருத்து. இதை ஒருவர் மறுக்க முடியும் என்பதைக் கவனியுங்கள். ‘இரண்டும் வலியைப் பேசுகின்றன’ என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை. யாரும் மறுக்க முடியாத வாக்கியத்தில் வாதம் இல்லை.

நாற்பது நிமிடத்துக்கு ஒரு திட்டம்

பெரிய கேள்விக்கு நாற்பது நிமிடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் எட்டு நிமிடம் விடை எழுதாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் கூடுதல் தாள் வாங்குவார், பதற்றம் வரும். வரட்டும். விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போடுங்கள். மேலே இரு நூல்களின் பெயர். இடது பக்கம் மூன்று அச்சுகள், அதாவது எந்த மூன்று விஷயங்களை வைத்து ஒப்பிடப் போகிறீர்கள் என்பது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் நூலிலிருந்து ஒரே ஒரு காட்சி. இரண்டு கட்டத்தில் ஒன்று காலியாக இருந்தால் அந்த அச்சை விட்டுவிட்டு வேறு தேடுங்கள்.

மாதிரிக்கு: முதல் அச்சு பள்ளி. மேலே பார்த்தோம். இரண்டாவது பெயர். ஜூதனில் ‘வால்மீகி’ என்ற குடும்பப் பெயரே ஒரு சிக்கல். அதை வைத்துக்கொள்வதா விடுவதா என்று நெருங்கியவர்களுடனேயே தகராறு வருகிறது. கருக்கில் சொல்பவர் தன் பெயரை முன்வைப்பதே இல்லை, ‘நான்’ என்பது நழுவி ‘நாங்கள்’ ஆகிவிடுகிறது. ‘பாமா’ என்பதும் புனைபெயர். மூன்றாவது தலைப்பு. ‘ஜூதன்’ என்றால் எச்சில் சோறு, மற்றவர் தின்று மீதி வைத்தது. ‘கருக்கு’ பனைமட்டையின் இரு பக்கமும் உள்ள அரம் போன்ற விளிம்பு, தொட்டால் அறுக்கும். ஒன்று நம்மேல் திணிக்கப்பட்டதன் பெயர், மற்றது திருப்பி அறுப்பதன் பெயர்.

கட்டுரையை அடுக்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் நூலை முழுவதும் சொல்லிவிட்டு இரண்டாவதுக்குப் போவது ஒன்று. ஒவ்வொரு அச்சிலும் இரு நூல்களையும் சேர்த்துப் பேசுவது மற்றொன்று. முதல் வழியில் நன்றாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தேர்வு அறையின் அவசரத்தில் அது இரண்டு கதைச்சுருக்கமாகவே முடியும். நானும் அந்த மாணவியும் விழுந்தது அந்தக் குழியில்தான். இரண்டாவது வழியில் ஒவ்வொரு பத்தியிலும் இரு நூல்களின் பெயரும் வந்தே ஆக வேண்டும், அதனால் ஒப்பிடாமல் தப்பிக்க முடியாது.

ஆக: முன்னுரை நான்கைந்து வரி, அதில் உங்கள் கருத்து இருக்க வேண்டும். அச்சுக்கு ஒன்றாக மூன்று பத்தி. பிறகு ஒப்பீடு எங்கே பொருந்தவில்லை என்று ஒரு பத்தி. முடிவுரை. எழுத இருபத்தேழு நிமிடம். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒவ்வொரு பத்தியின் முதல் வரியை மட்டும் படித்துப் பாருங்கள். அந்த வரிகளைச் சேர்த்தாலே வாதம் புரிய வேண்டும். நூறு தாள் திருத்துகிறவர் முதலில் பார்ப்பது அந்த வரிகளைத்தான்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. ‘ஒப்பிலக்கியம் என்றால் என்ன’ என்று தொடங்கி, தாக்கத்தைத் தேடிய பிரெஞ்சுப் பள்ளி, இணையான கூறுகளைப் பார்த்த அமெரிக்கப் பள்ளி என்று ஒன்றரைப் பக்கம் கொட்டாதீர்கள். கேட்டால் எழுதுங்கள், கேட்காதபோது ஒரு வரி போதும். அடுத்தது, ஜூதனை மொழிபெயர்ப்பில் படித்திருந்தால் அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். கருக்கின் பேச்சுத் தமிழைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். இந்தி தெரியாமல் வால்மீகியின் நடையைப் பற்றித் தீர்ப்பு சொல்லக் கூடாது.

25 வயதில் அம்பேத்கர் எழுதிய கட்டுரை

இந்த வடிவத்தை எங்கே பார்த்துக் கற்றுக்கொள்வது என்று கேட்டால், நான் பரிந்துரைப்பது இலக்கியத் திறனாய்வு நூல் அல்ல. 1916ஆம் ஆண்டு மே 9ஆம் தேதி, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் அம்பேத்கர் வாசித்த ‘இந்தியாவில் சாதிகள்’ என்ற கட்டுரை. அப்போது அவருக்கு வயது 25. நம்மில் பலர் முதுகலை முடிக்கும் வயது.

அதில் அவர் என்ன செய்கிறார் என்று வரிசையாகப் பாருங்கள். சாதிக்கு செனார், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேத்கர் ஆகிய நால்வர் தந்த வரையறைகளை எடுத்து வைக்கிறார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சுருக்கம் எழுதி நகர்ந்துவிடவில்லை. ஒவ்வொன்றிலும் எது சாதிக்கே உரியது, எது வேறு இடங்களிலும் காணப்படுவது என்று ஒரே உரைகல்லில் உரசிப் பார்க்கிறார். கடைசியில் ஒன்றே ஒன்றைப் பிடிக்கிறார்: அகமணம். சாதிக்கே உரியது அதுதான் என்று நிறுவி, அதிலிருந்து சதி, கைம்மை, குழந்தை மணம் ஆகிய வழக்கங்களை விளக்குகிறார். பல கருத்துகளை எடுத்து, ஒரு கேள்வியில் சோதித்து, ஒரு முடிவுக்கு வந்து, அந்த முடிவால் புதிதாக எதையாவது விளக்குவது. தேர்வுக் கட்டுரையில் நம்மிடம் கேட்பதும் இதைத்தான்.

‘இந்த வடிவமே பார்ப்பனியம், நாம் ஏன் அதற்குள் அடங்க வேண்டும்? பாமா இலக்கணத்தை உடைத்துத்தானே எழுதினார்?’ என்று நம் தோழர்கள் சிலர் கேட்பார்கள். இந்தக் கேள்வியின் கோபம் எனக்குப் புரியும். ஆனால் பாமா ஆசிரியராகப் பணியாற்றியவர். ஏட்டுத் தமிழ் தெரியாததால் அவர் பேச்சுத் தமிழில் எழுதவில்லை, தெரிந்தே அதை ஒதுக்கினார். தெரிந்து உடைப்பது வேறு, தெரியாமல் தோற்பது வேறு. வாதத்தை ஒழுங்குபடுத்தும் முறை எந்தச் சாதிக்கும் சொந்தமான சொத்து அல்ல. அதைச் சொல்லித்தராமல் வைத்துக்கொள்வதுதான் பார்ப்பனியம்.

ஒப்பிடுவது நமக்குப் பழைய வேலை

ஒப்பிலக்கியம் என்பது கம்பன்–மில்டன், காளிதாசன்–ஷேக்ஸ்பியர் என்று பெரிய மனிதர்களை ஜோடி சேர்க்கும் துறை என்றே நான் நீண்ட நாள் நினைத்திருந்தேன். கோயில் கோபுரத்தையும் தேவாலயக் கோபுரத்தையும் அளந்து எது உயரம் என்று சொல்வதைப் போல. நம் வாழ்க்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று தோன்றியது.

உண்மை நேர் எதிரானது. இந்தியாவில் ஒப்பிலக்கியத்துக்கென்று முதல் துறை ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் 1956இல் தொடங்கப்பட்டது. அதற்கு எண்பது ஆண்டுகளுக்கும் முன்பே, 1873இல், ஜோதிராவ் பூலே தன் ‘குலாம்கிரி’ நூலை அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கை ஆக்கினார். கடல் தாண்டி இருக்கும் ஒரு விடுதலையைச் சூத்திரர், அதிசூத்திரர் விடுதலையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 1946இல் அம்பேத்கர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொடுக்கும் மனுவைப் பற்றி விசாரித்தார். 1972இல் பம்பாயில் இளைஞர்கள் தங்கள் அமைப்புக்குத் தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ஒப்பிடுவது இவர்களுக்குத் தேர்வுக் கேள்வி அல்ல, கூட்டாளியைத் தேடும் வழி.

இது தேர்வுக் கட்டுரைக்கும் தொடர்புள்ள செய்தி. தலித் இலக்கியத்தைக் கறுப்பின இலக்கியத்தோடு ஒப்பிடச் சொன்னால் பலரும் ‘தாக்கம்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அங்கிருந்து வந்தது, இங்கே பின்பற்றினார்கள் என்று முடிக்கிறார்கள். அப்படி எழுதினால் நம் எழுத்து நகல் ஆகிவிடுகிறது. பெயரைக் கடன் வாங்கியிருக்கலாம், துடைப்பத்தையும் தேங்காயையும் யாரும் கடன் வாங்கவில்லை.

அதே நேரம் ‘எல்லா ஒடுக்குமுறையும் ஒன்றே’ என்று தட்டையாகவும் எழுதக் கூடாது. ஒப்பீடு பொருந்தாத இடத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கச் சொன்னது இதற்காகத்தான். ரிச்சர்ட் ரைட்டின் ‘பிளாக் பாய்’ 1945இல் வந்த தன்வரலாறு. மெம்ஃபிஸ் நகர நூலகத்தில் கறுப்பர்களுக்குப் புத்தகம் தர மாட்டார்கள் என்பதால், ஒரு வெள்ளையரின் அட்டையை வாங்கிக்கொண்டு, அவர் எழுதியதைப் போல ஒரு சீட்டைத் தானே எழுதிக் கொண்டுபோகிறார் இளைஞர் ரைட். அவருக்காக அல்ல, வெள்ளைக்கார முதலாளிக்காகப் புத்தகம் எடுக்க வந்தவரைப் போல நடிக்க வேண்டும். நிறத்தை மறைக்க வழியில்லை. கருக்கில் பேருந்தில் பக்கத்தில் உட்காரும் பெண், எங்கே இறங்குகிறாய் என்று தெரிந்த பிறகே வேறு இருக்கைக்கு நகர்கிறாள். ஜூதனில் வால்மீகி என்ற பெயரைக் கேட்டுப் பார்ப்பனர் என்று நினைத்துப் பழகும் குடும்பம் ஒன்று வருகிறது. அவரே உண்மையைச் சொல்லும் வரை அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தெரிவதில்லை. இனவெறி பார்த்துத் தெரிந்துகொள்கிறது, சாதி கேட்டுத் தெரிந்துகொள்கிறது. ஊர் எது, தெரு எது, முழுப் பெயர் என்ன என்று. இந்த வேறுபாட்டை எழுதினால் ஒப்பீடு பலவீனம் அடையாது, உங்கள் வாதத்துக்குத்தான் பலம் கூடும்.

அவள் கண்டுபிடித்த அச்சு

இதையெல்லாம் அந்த மாணவியிடம் சொல்லிவிட்டு, மறுபடி எழுதிவரச் சொன்னேன். நான் கொடுத்த மூன்று அச்சுகளையும் நிரப்பிக்கொண்டு வருவாள் என்று எதிர்பார்த்தேன். ஒரு வாரம் கழித்து வந்தாள். பள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் அடித்திருந்தாள்.

“அக்கா, நீங்க சோத்தை விட்டுட்டீங்க” என்றாள்.

ஜூதனில் ஒரு திருமண வீட்டு வாசலில் எச்சில் சோற்றுக்காகக் காத்திருக்கும் அம்மா, வீட்டுக்காரர் இழிவாகப் பேசியதும் கூடையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு எழுந்து போகிறார். அதன் பிறகு அந்த வாசலுக்குப் போவதே இல்லை. கருக்கில் நாயக்கர் வீட்டில் வேலை செய்யும் பாட்டி சாக்கடை ஓரத்தில் ஏனத்தை வைக்கிறார். அந்த வீட்டுப் பெண் தள்ளி நின்று மீந்ததைக் கொட்டுகிறார். பேத்தி தடுத்தும் பாட்டி கேட்பதில்லை, நமக்குப் படியளக்கிறவர்கள் என்றே சொல்கிறார்.

அவளுடைய முதல் வாக்கியம் ஏறக்குறைய இப்படி இருந்தது: அம்மா கொட்டியதை எதிர்ப்பு என்றும் பாட்டி வாங்கியதை அடிமைத்தனம் என்றும் வாசிப்பது தவறு, இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை பிறகு எழுத உட்கார்ந்ததுதான் இரு நூல்களுக்கும் பொதுவான எதிர்ப்பு.

நான் அந்த வரியை இரண்டு முறை படித்தேன். கருக்கை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். பாட்டியை அம்மாவின் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை. எப்படித் தோன்றியது என்று கேட்டேன். “எங்க அப்பாயி இப்பவும் வாங்கிட்டு வரும்க்கா. நான் சண்டை போடுவேன்” என்றாள்.

முதலில் எழுதிய ஆறு பக்கத்தில் அந்த அப்பாயி எங்கேயும் இல்லை. இந்தக் கட்டுரையிலும் பெயராக இல்லை. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குக் காட்டியவர் அவர்தான். ஒழுங்கான வடிவம் நம் அனுபவத்தை நசுக்கிவிடும் என்று பயப்படுகிற தோழர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அவளிடம் அறிவு ஏற்கெனவே இருந்தது. ஏழு மதிப்பெண் வாங்கிய தாளில் அதை வைக்க இடம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கற்பிக்கும் இடத்தில் இருப்பவர்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. ‘ஒப்பீடு இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதும் முன்பு, ஒப்பீடு என்றால் எப்படி இருக்கும் என்று ஒரு வகுப்பு, ஒரே ஒரு மணி நேரம், ஒரு மாதிரி விடையை வைத்துக் காட்டுங்கள். எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதைத் தேர்வுக்கு முன்பே சொல்லுங்கள்.

தேர்வு எழுதப் போகிற தம்பி தங்கைகளுக்கு: கட்டம் போடுங்கள், மறுக்கக்கூடிய ஒரு வாக்கியம் எழுதுங்கள், ஒவ்வொரு பத்தியிலும் இரு நூல்களையும் கொண்டுவாருங்கள், பொருந்தாத இடத்தையும் சொல்லுங்கள். எழுதிப் பார்த்த பிறகு அந்தத் தாளை உங்களுக்கு அடுத்த வகுப்பில் படிக்கும் யாராவது ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர்கள் வீட்டிலும் இதைச் சொல்ல ஆள் இருக்காது.